நினைத்தால் விசிறி சுற்றுமா, கீபோர்டு வாசிக்குமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நெற்றியில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு நினைத்தால் போதும், விசிறி சுற்றும், விளக்கு எரியும், இசை பிறக்கும் என்று கைபேசியில் வரும் விளம்பரம் உண்மைதானா என்பது முதல் கேள்வி. பெயின்ட் அடிக்கும் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு, தோளுக்குக் கீழே அசைவில்லாமல் இருக்கும் உங்கள் சித்தி மகன், விபத்துக்கு முன்பு கானாக் குழுவில் கீபோர்டு வாசித்தவர், இதை வைத்து மறுபடியும் வாசிக்க முடியுமா என்பது இரண்டாவது. சீட்டை எடுத்து அந்தப் பணத்தில் இதை வாங்கிவிடலாமா என்பது மூன்றாவது. அவருக்குப் பேச்சும் பார்வையும் நன்றாக இருக்கின்றன, தலையைத் திருப்ப முடிகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். என் பதிலில் பாதி அந்த ஒரு வரியைப் பொறுத்தது. கருவியைப் பற்றிக் கேட்டதாகத் தோன்றினாலும், பிறர் கையை எதிர்பார்க்காமல் அவர் தாமே செய்யக்கூடியது இனி என்ன இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்லேன். வடசென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில், தலையில் எலக்ட்ரோடு என்னும் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையை எடுக்கும் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு, ரிச்சி தெருவில் வாங்கும் சர்க்யூட்டுகளையும் ஒயர்களையும் வைத்து, மூளையின் சமிக்ஞையால் கணினியை இயக்கும் மூளை–கணினி இடைமுகம் என்னும் இந்தத் துறையில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு உதவி வருகிறேன். ஆகவே, தலையின் தோலுக்கு மேலிருந்து என்ன சமிக்ஞை கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் தம்பியின் தண்டுவடம் எந்த அளவுக்குத் தேறும், எந்த மாத்திரை எதற்கு என்பவையெல்லாம் என் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

தலையில் ஒயர் மாட்டும்போது நோயாளிகள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "கரண்ட் அடிக்குமா சார்?" என்பது ஒன்று, "நான் மனசுல நெனைக்கிறது எல்லாம் இதுல தெரிஞ்சிடுமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-ல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவு செய்து 1929-ல் வெளியிட்டார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டாலும், தோலுக்கு மேலிருந்து அளக்கும் பொருள் அன்று அவர் அளந்ததேதான். எண்ணற்ற நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து இயங்கும்போது எழும் மின்னழுத்தத்தில், மண்டை ஓட்டையும் தோலையும் கடந்த பின் மிஞ்சி நிற்பது பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட் வரைதான். டிவி ரிமோட்டில் போடும் ஒரு பேட்டரியின் அழுத்தம் இதைவிடப் பதினைந்தாயிரம் மடங்குக்கு மேல். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது சாலையில் நின்று கேட்டால், இரைச்சல் கூடியதும் குறைந்ததும் தெரியுமே தவிர, எந்த மீனுக்கு யார் என்ன விலை கேட்டார் என்பது தெரியாது; இ.இ.ஜி.யும் அத்தகையதுதான். ஒருவர் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா, வலிப்புக்கான அறிகுறி உண்டா என்பதைக் காகிதத்தில் பார்க்கலாம். அவர் மனத்தில் பாடிக்கொண்டிருக்கும் மெட்டைப் பார்க்க முடியாது.

அப்படியிருந்தும் இதைக் கொண்டு கணினியை இயக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் நம்பத்தகுந்த சில அடையாளங்கள் அந்த இரைச்சலுக்குள் இருப்பதுதான். அவற்றுள் மிக எளியது ஆல்ஃபா அலை. கண்ணை மூடியதும் பெரும்பாலோருக்குத் தலையின் பின்புறத்தில் நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று முறை ஏறி இறங்கும் அழகான அலைவரிசை ஒன்று எழும். கண்ணைத் திறந்த கணமே அது படுத்துவிடும். இரண்டாவது, பார்வை சார்ந்தது: திரையில் ஒரு கட்டம் நொடிக்குப் பத்து முறை மினுக்கினால், அதையே பார்த்துக்கொண்டிருப்பவரின் பின்மூளையிலும் பத்து ஹெர்ட்ஸ் அலை எழும், பக்கத்துக் கட்டம் பன்னிரண்டு முறை மினுக்கினால், அவர் பார்வையை அதற்கு மாற்றியதும் அலையும் பன்னிரண்டாக மாறும். மூன்றாவதற்குப் பி-300 என்று பெயர். பலவற்றுக்கு நடுவே நாம் காத்திருந்த ஒன்று சட்டென்று மின்னினால், ஏறத்தாழ முந்நூறு மில்லிநொடி கழித்து ஒரு சிறிய மேடு தோன்றும். நான்காவது, உங்கள் தம்பியைப் பொறுத்தவரை மனத்தைத் தொடுவது. கையை அசைப்பதாக அவர் கற்பனை செய்தால், கை அசையாவிட்டாலும், கையை ஆளும் மூளைப் பகுதியின் மேல் ஓடும் ஓர் அலை அடங்கும். வலக்கையை நினைத்தால் இடப்பக்கத்தில், இடக்கையை நினைத்தால் வலப்பக்கத்தில். முதல் மூன்றுக்கும் பயிற்சி அதிகம் தேவையில்லை. நான்காவதுக்கு வாரக்கணக்கில் பழக வேண்டும்; பழகியும் நூற்றில் பதினைந்து முதல் முப்பது பேருக்கு அது கைகூடுவதில்லை என்பது இத்துறையில் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு.

நடைமுறைச் சிக்கல் தலையிலேயே தொடங்குகிறது. பரிசோதனைக்கு வருபவர்களிடம் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாலும், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதற்காகவே நன்றாக எண்ணெய் தடவி வாரி வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பிடரிக் குமிழ் வரை டேப்பால் அளந்து, புள்ளி வைத்து, முடியைப் பிரித்து, தோலை லேசாகத் தேய்த்து, பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடை ஒட்டி, மின்தடை ஐந்து கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்த பிறகுதான் நாங்கள் பதிவைத் தொடங்குவோம். சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றுபோனால் வியர்வையால் கோடுகள் மேலும் கீழும் மிதக்கத் தொடங்கிவிடும். பல்லைக் கடித்தால் திரை முழுவதும் கருப்பாகும். கண் சிமிட்டினால் நெற்றியில் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிய மேடு எழும். எர்த் சரியில்லாத கட்டடத்தில் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரம் எல்லாவற்றின் மேலும் ஏறி உட்காரும். 1970-களில் கனடாவின் ஹாமில்ட்டனில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு கிண்ணம் ஜெல்லியில் எலக்ட்ரோடுகளைச் செருகிப் பதிவெடுத்தபோது, சுற்றியிருந்த கருவிகளின் மின்சலனத்தால் அதிலும் உயிருள்ள மூளையைப் போன்ற அலைகள் வந்தன. விளம்பரத்தில் காட்டும் பட்டையோ முடியில்லாத நெற்றியில் உலர்ந்த முனைகளை வைக்கிறது. கண், புருவம், தாடை ஆகிய தசைகளின் சத்தம் மிகுந்த இடம் அது. காதுக்குப் பின்னாலும் முனை உள்ள பட்டைகளில் ஆல்ஃபா ஓரளவு கிடைக்கும். நெற்றியோடு நின்றுவிடுபவை பெரும்பாலும் புருவத்தைத்தான் படிக்கின்றன.

இனி விசிறிக்கு வருகிறேன். நினைத்தால் விசிறியைப் போட முடியுமா என்றால் முடியும்; கல்லூரிக் கண்காட்சிகளில் மாணவர்கள் ஆண்டுதோறும் செய்து காட்டுகிறார்கள். அதை வைத்து வாழ முடியுமா என்பது வேறு கேள்வி. கண்காட்சியில் அந்தப் பையன் இரண்டு நிமிடம் விசிறியைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டில் இருப்பவர் பேசுவார், சாப்பிடுவார், மேட்ச் பார்ப்பார், எரிச்சல்படுவார்; அத்தனைக்கும் நடுவே, அவர் எதையும் கட்டளையிடவில்லை என்பதையும் கருவி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு நொடிக்கு ஒருமுறை அது முடிவெடுக்கிறது என்றால் ஒரு மணி நேரத்தில் தொள்ளாயிரம் முடிவுகள். நூற்றுக்கு ஒன்று மட்டுமே தவறும் மிக நல்ல கருவியாக இருந்தாலும், மணிக்கு ஒன்பது முறை விசிறி தானாக நின்று தானாக ஓடும். நள்ளிரவில் இது நடந்தால் அந்தக் கருவியை ஒரே வாரத்தில் அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். சக்கர நாற்காலியை இப்படி ஓட்டுவதைப் பற்றி நம் தெருக்களை வைத்துச் சொல்லவே வேண்டாம்.

பெரிய மேடைகளில் நடந்ததையும் இதே அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். 2014 உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க நாளில், சாவ் பாவ்லோவில், இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஓர் இளைஞர் இயந்திர எலும்புக்கூட்டை அணிந்து, தலையில் இ.இ.ஜி. தொப்பியோடு பந்தை உதைத்தார். வியாசர்பாடியில் அந்தப் போட்டிகளை விடிய விடியப் பார்த்த எத்தனை பேர் அந்தச் சில நொடிகளைக் கவனித்தார்களோ தெரியாது. உதை என்ற கட்டளை மட்டுமே மூளையிலிருந்து வந்தது. நிற்பதையும், காலை வீசும் விதத்தையும் பார்த்துக்கொண்டது இயந்திரம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூளை ஒரு முடிவைத் தர, மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்வதே இத்துறையின் சரியான வேலைப் பங்கீடு என்பதற்கு அது நல்ல சான்று.

மண்டை ஓட்டைத் திறந்து, மூளையிலேயே மின்முனைகளைப் பதிக்கும் முறையின் கதை வேறு. அங்கே ஏலத்தின் நடுவிலேயே மைக்கை வைத்தாகிவிட்டது. 2004-ல் அமெரிக்காவில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஒருவர் பிரெய்ன்கேட் என்ற ஆய்வில் இப்படிக் கணினியின் கர்சரை நகர்த்தினார். 2012-ல் வெளியான செய்தியில், அதே ஆய்வைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் இயந்திரக் கையால் காபிக் குடுவையை எடுத்துத் தாமே குடித்தார். கையால் எழுதுவதாகக் கற்பனை செய்தே நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 எழுத்துகளை ஒருவர் எழுதிய ஆய்வு 2021-ல் வந்தது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற நிறுவனத்தின் கருவி மூளையில் பொருத்தப்பட்ட நோலண்ட் ஆர்பா, உங்கள் தம்பியைப் போலவே தண்டுவடக் காயம் உள்ளவர், இரவு முழுக்கக் கணினி விளையாட்டும் செஸ்ஸும் ஆடினார். அதே கருவியைப் பெற்ற இரண்டாமவர் தம் சார்ஜரைத் தாங்கும் ஒரு சட்டத்தைத் தாமே கணினியில் வடிவமைத்தார். இவை உண்மை. ஆர்பாவின் மூளையில் பதித்த இழைகள் பல சில வாரங்களில் பின்வாங்கிவிட்டதும், பிறகு மென்பொருளை மாற்றி இழந்த திறனை மீட்டதும் அதே அளவுக்கு உண்மை. இவை அனைத்தும் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் செய்யப்பட்டவை. கடையில் விற்கும் எந்தப் பட்டையின் விளம்பரத்திலாவது இந்த மனிதர்களின் படம் இருந்தால், அது ஒன்றே அந்த விளம்பரத்தை நம்பாதிருக்கப் போதுமான காரணம்.

எழுதுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1988-ல் ஃபார்வெல், டான்சின் என்ற இருவர், ஆறுக்கு ஆறு என்று முப்பத்தாறு கட்டங்களில் எழுத்துகளை மின்னவிட்டு, பி-300 மேட்டைக் கொண்டு எழுத வைத்தார்கள். வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்து. ஆங்கில எழுத்துகளுக்கும் சில கட்டளைகளுக்குமாக அமைந்த அந்தப் பலகையில் தமிழ் அடங்காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று. கணினியில் தமிழ்99 விசைப்பலகை செய்வதைப் போல மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தேர்ந்து உயிர்மெய்யை உருவாக்கினால், இடைவெளிக்கும் அழிப்பதற்கும் சேர்த்து அதே முப்பத்தாறு கட்டங்கள் போதும். என்னிடம் வந்த மாணவர்கள் சிலர் இதைச் செய்து பார்த்தார்கள், வேலை செய்கிறது. பேச்சும் போய், கண்ணும் நிலைகொள்ளாத நோயாளிகளுக்கு இது மிகப் பெரிய விஷயம். நன்றாகப் பேசக்கூடிய உங்கள் தம்பிக்கு இது தேவையே இல்லை; கைபேசியில் தமிழில் பேசினால் அது எழுதிவிடும்.

இசைக்கும் ஓவியத்துக்கும் வரும்போது என் மனம் மாறுகிறது. விளம்பரக்காரர்கள் அன்றாடப் பயன்பாட்டை முன்னே வைத்து, கலையை ஓரத்தில் ஒரு வேடிக்கையாகக் காட்டுகிறார்கள். என் அனுபவத்தில் அது தலைகீழாக இருக்க வேண்டும். விளக்கை அணைக்கச் சொன்னால் எரியவிடும் கருவியை யாரும் பொறுக்க மாட்டார்கள். இசையில் எதிர்பாராமல் வந்து விழும் ஒரு சுரத்தை நல்ல வாசிப்பாளர் அடுத்த சுரத்தால் நியாயப்படுத்திவிடுவார். தாமதமும் பிசகும் கலையில் கையாளக்கூடிய பொருள்கள். ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் 1965-லேயே மேடையில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்து, தம் ஆல்ஃபா அலையைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பி, அவற்றின் அதிர்வால் சுற்றியிருந்த தாளக் கருவிகளை முழங்க வைத்தார். அந்த அலைக்கு மிகக் குறைந்த அதிர்வெண் என்பதால் காதுக்குக் கேட்காது. அதனால்தான் அதைக் கொண்டு தோல் கருவிகளைத் தட்ட வைத்தார்கள். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே பி-300 பலகையில் எழுத்துகளுக்குப் பதிலாக நிறம், வடிவம், அளவு ஆகியவற்றை வைத்தார்கள், தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயால் உடல் முழுவதும் செயலிழந்த ஓர் ஓவியர், நிபுணர்கள் உடன் இல்லாமல், குடும்பத்தினர் தொப்பியை மாட்டிவிட, தம் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேலாக அதைக் கொண்டு ஓவியம் தீட்டினார். மூளை அலைத் துறையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான். காரணம், அதில் தொப்பியை மாட்டிவிடக் கற்றுக்கொண்ட வீட்டாருக்கும் பங்கு உண்டு.

உங்கள் தம்பிக்கு நெருக்கமானது 2015-ல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இசையமைப்பாளர் எடுவார்டோ மிராண்டா லண்டனில் செய்தது. கடுமையான உடற்செயலிழப்பு உள்ள நான்கு பேர் ஆளுக்கொரு திரையின் முன் அமர்ந்தார்கள். ஒவ்வொரு திரையிலும் நான்கு இசைத் துணுக்குகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மினுக்கும் கட்டங்களாக. எதை உற்றுப் பார்க்கிறார்களோ அந்தத் துணுக்கு, எதிரே வயலின், செல்லோக்களோடு உட்கார்ந்திருந்த கலைஞர்களின் திரைக்குப் போகும். அவர்கள் அதை அப்போதே வாசித்தார்கள். மூளை தேர்ந்தது, விரல் வாசித்தது. இதைக் கானாவுக்கு அப்படியே கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். ஆனால் எங்கே என்பதில் கவனம் வேண்டும். வேகமான கானாவில் இரண்டு அடிகளுக்கு இடையே அரை நொடிதான் இருக்கும். மூளை அலையிலிருந்து ஒரு தேர்வு வெளியே வர, நல்ல கருவியிலும் ஒன்று முதல் மூன்று நொடி ஆகும். ஆகவே டோலக்கோடு போட்டி போட்டுக் கீபோர்டில் விழும் அந்தத் துள்ளலை மூளையால் வாசிக்க முடியாது. முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பல்லவிக்குத் திரும்புவதா, இன்னொரு சரணம் போவதா, இடையிசையை நீட்டுவதா என்பதை அவர் தேர்ந்து, குழுவின் மற்றவர்கள் திரையைப் பார்த்து அதன்படி போவது முடியும். சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மெதுவான கானாவில், பாடகரின் குரலுக்குப் பின்னால் நீண்டு நிற்கும் சுருதியை அவருடைய ஆல்ஃபா அலை ஏற்றி இறக்குவதும் முடியும்: அவர் கண்ணை மூடினால் சுருதி நிறையும், திறந்தால் வடியும்.

இரண்டாவதாகச் சொன்ன, ஆல்ஃபாவால் ஏறி இறங்கும் சுருதிக்குப் பட்டை கூட வேண்டாம். டெல்லியின் அப்சைட் டவுன் லேப்ஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் விற்கும் உடலின் மின்சமிக்ஞையைப் பெருக்கும் சிறிய உயிர்மின் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, அதைக் கணினியோடு இணைக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை, மூன்று எலக்ட்ரோடுகள், பழைய லேப்டாப் ஆகியவை இருந்தால் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேராசிரியரின் வழிகாட்டலோடு இரண்டு பொறியியல் மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்துவிடுவார்கள். ஓர் எலக்ட்ரோடு பிடரிக்கு மேலே, மற்ற இரண்டும் காதுகளுக்குப் பின்னால். எட்டு முதல் பதின்மூன்று ஹெர்ட்ஸ் வரையிலான வலுவை இரண்டு மூன்று நொடிக்குச் சராசரி எடுத்து, அந்த எண்ணைக் கீபோர்டு மென்பொருளின் ஒலியளவோடு இணைக்க வேண்டும். அவர் தலையணையில் சாய்ந்திருந்தால் பின்தலை எலக்ட்ரோடு அழுந்தி நகரும். நிமிர்ந்து உட்கார வைத்த பிறகே ஒட்டுங்கள். பல்லை ஒருமுறை அழுத்திக் கடிப்பதைச் சுரத்தை மாற்றும் சைகையாக வைத்துக்கொள்ளலாம். அது மூளை அலை ஆகாது, தசைதானே, ஏமாற்று ஆகிவிடாதா என்று ஒரு மாணவர் கேட்டார். வாசிப்பவருக்கு எது கைகொடுக்கிறதோ அதுதான் வாத்தியம். ஆய்வுக் கட்டுரை எழுதும்போது மட்டும் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டைகள் நூற்றுக்கு இத்தனை என்று காட்டும் கவனம், அமைதி ஆகிய மதிப்பெண்கள் எந்தக் கணக்கில் வருகின்றன என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. புருவத்தைச் சுருக்கினால் அந்த எண் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். 2009-ல் வந்த, நினைத்தால் பந்து மிதக்கும் விளையாட்டுச் சாமானும் இந்த வகைதான். விளையாட்டாக வைத்துக்கொண்டால் குற்றமில்லை. பிள்ளைகளின் கவனத்தை இதனால் கூட்டலாம் என்பதற்கு ஆதாரம் பலவீனமாகவே இருக்கிறது: கவனக்குறைபாடு உள்ள 144 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2021-ல் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வில், தம் மூளை அலையைக் கொண்டு கவனத்தைப் பழக்கும் உண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் முன்னேற்றத்தில் வேறுபாடு தெரியவில்லை. நடுமூளையைத் தூண்டுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம் என்று சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் வகுப்புகள் நடந்தது நினைவிருக்கும். அதே கூட்டம் இப்போது தலைப்பட்டையோடு வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆபத்து என்று பார்த்தால், அளக்கும் கருவி உடம்புக்குள் எதையும் செலுத்துவதில்லை. ஆனால் லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்ட வேண்டும். தலையில் ஒட்டிய ஒயர் வீட்டு மின்சாரத்தோடு எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது. மூளைக்கு மின்சாரம் செலுத்துவதாகச் சொல்லி விற்கும் கருவிகள் வேறு இனம். அவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். மினுக்கும் கட்டங்கள் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. நாங்கள் இ.இ.ஜி. எடுக்கும்போது கண்ணுக்கு எதிரே விளக்கை மினுக்கிக் காட்டுவதே அதைத் தெரிந்துகொள்ளத்தான். 1997-ல் ஜப்பானில் ஒரு கார்ட்டூனின் மினுக்கும் காட்சியால் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சாரத்திலிருந்து விழுந்தவருக்குத் தலையிலும் அடி இருந்திருக்கலாம். ஆகவே, மினுக்கும் திரையை வைப்பதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். தரவைப் பொறுத்தவரை, கைபேசிச் செயலியோடு வரும் பட்டைகள் அலைகளை எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்புகின்றன. சிலி நாடு 2021-ல் மூளைத் தரவுக்காகத் தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. நம் உச்ச நீதிமன்றம் 2010-ல், சம்மதமின்றி மூளை அலைப் பரிசோதனையை ஒருவர்மீது திணிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது குற்ற விசாரணையைப் பற்றியது. கடைச் சரக்கு வாங்கும்போது நீங்கள் "சம்மதம்" என்று அழுத்திவிடுவதால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது. கணினியோடு மட்டும் பேசும், இணையம் தேவைப்படாத கருவியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஆக, சீட்டை எடுக்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டை வரியோடு சேர்ந்து பல பத்தாயிரங்களை விழுங்கும்; அந்தப் பணத்தில் சிறு பகுதி இருந்தாலே நிறைய செய்யலாம். விசிறிக்கும் விளக்குக்கும் குரலே போதும்: ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. விசிறி, ஸ்விட்ச் போர்டுக்குள் எலக்ட்ரீஷியன் பொருத்தித் தரும் ஸ்மார்ட் ஸ்விட்ச், ஒரு பழைய கைபேசி. இணையம் நின்றால் குரலும் நிற்கும் என்பதால், கன்னத்தாலோ தலையைச் சாய்த்தோ அழுத்தக்கூடிய பெரிய பொத்தான் ஒன்றை அழைப்பு மணியோடு தனியாக இணைத்துவிடுங்கள்; இரவில் அதுதான் உயிர் காக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் புன்னகை, புருவம் தூக்குதல், வாய் திறத்தல் ஆகிய முகச் சைகைகளைக் கேமரா வழியே பொத்தானாக்கும் வசதி கட்டணமின்றியே இருக்கிறது. 2024 முதல் வரும் ஐஃபோன் மென்பொருளில் கண் அசைவால் இயக்கும் வசதியும் உண்டு. கீபோர்டு வாசிப்புக்கும் முதல் முயற்சி தலை அசைவில்தான் தொடங்க வேண்டும்: லேப்டாப் கேமரா தலையின் அசைவைக் கர்சராக மாற்ற, திரையில் ஒரு ராகத்தின் சுரங்களை மட்டும் பெரிய கட்டங்களாக வைத்தால், மூளை அலையைவிடப் பல மடங்கு வேகமாக அவர் வாசிப்பார். அதற்குப் பின்னால் நிறைந்து வடியும் சுருதியாக ஆல்ஃபாவைச் சேர்ப்பது இரண்டாம் கட்டம். அதில் அவருக்கு ஆசை இருந்தால் மாணவர்களைப் பிடித்துத் தருவது என் பொறுப்பு.

இந்த வேலைக்கு உதவும் இடங்கள் எல்லாமே நகரின் தெற்கே இருப்பது வடசென்னைக்காரர்களின் தலையெழுத்து. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை ஐ.ஐ.டி. வளாகத்தில் ஓர் ஆய்வு மையம் உருவாக்குகிறது. முதலில் கே.கே. நகருக்குப் போங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, விபத்தின்போது எடுத்த ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு எப்போதாவது வந்ததா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் வீட்டில் கவனித்து, தலை, புருவம், தாடை, தோள் ஆகியவற்றில் எந்த அசைவை அவர் களைப்பில்லாமல் எவ்வளவு நேரம் செய்கிறார், காலையா மாலையா எப்போது நன்றாகச் செய்கிறார் என்பதை ஒரு நோட்டில் எழுதி அதையும் கொண்டுபோங்கள்; எந்த ஸ்விட்சை எங்கே பொருத்துவது என்பதை அங்கிருப்பவர்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.